வானிலைத் தந்தி காணாத தீ

1871 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு மாடு விளக்கை உதைத்துத் தள்ளியதாம். அதனால் நகரமே எரிந்து போயிற்றாம்! இந்தக் கதையை நீங்களும் எங்காவது படித்திருக்கலாம். ஆனால் அதற்குச் சான்று ஏதும் இல்லை. 1997-இல் சிகாகோ நகர மன்றமே மாட்டையும் அதன் சொந்தக்காரியையும் குற்றமற்றவர்கள் என்று அறிவித்துவிட்டது.

மாட்டின் மீது ஐயம் கொள்ள நமக்கும் இடமில்லை. ஏனெனில், அதே நாளில் சிகாகோவுக்கு வடக்கே சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில், விஸ்கான்சின் மாநிலத்தின் பெஷ்டிகோ என்ற ஊரும் எரிந்தது. மிச்சிகன் ஏரிக்கு அக்கரையில் ஹாலந்து, மானிஸ்டி ஆகிய ஊர்களும் எரிந்தன. இத்தனை ஊர்களுக்கும் பொதுவான காரணத்தைக் காற்றில்தான் தேட வேண்டும்.

காற்றின் தாகம்

அவ்வாண்டு கோடையில் அப்பகுதியில் மழை மிகக் குறைவு. இலையுதிர் காலம் தொடங்கியும் வெப்பம் தணியவில்லை. இத்தகைய வானிலை பார்வைக்கு இனிமையானது. தெளிந்த வானம், இதமான வெயில். ஆனால் காட்டுக்கு அது ஆபத்தானது.

ஏன்? ஒரு கன மீட்டர் காற்று 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் சுமார் 13 கிராம் நீராவியைத்தான் கொள்ளும். 26 டிகிரியிலோ சுமார் 24 கிராம் கொள்ளும். காலையில் நீராவியால் நிறைந்திருந்த காற்று, நீராவி கூடாமல் நண்பகலில் 26 டிகிரியை அடைந்தால், அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். தாகம் கொண்ட அக்காற்று சருகிலிருந்தும் சுள்ளியிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். இது வாரக்கணக்கில் நீடித்தால் காடு முழுவதும் விறகுக் குவியலாகிவிடும் அல்லவா?

பெஷ்டிகோ மரம் அறுக்கும் தொழிலால் வளர்ந்த ஊர். வீடுகளும் நடைபாதைகளும் மரத்தால் ஆனவை, தெருக்களில் மரத்தூள். நிலத்தைத் திருத்தவும் இருப்புப் பாதை போடவும் வெட்டிய கிளைகளை ஆங்காங்கே எரித்து வந்தார்கள். சிறு சிறு தீக்கள் பல நாட்களாகவே கனன்று கொண்டிருந்தன.

அக்டோபர் 8 அன்று மேற்கே சமவெளிப் பகுதியில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நகர்ந்து வந்தது. வட அரைக்கோளத்தில் தாழ்வு மண்டலத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசும். ஆகவே அதன் முன்புறத்தில் இருந்த பகுதியில் தென்மேற்கிலிருந்து பலத்த காற்று வீசிற்று. தனித்தனியே கனன்ற தீக்கள் ஒன்றுகூடிப் புயலாயின. பெஷ்டிகோ ஆற்றில் இறங்கி நின்றவர்களில் பலர் பிழைத்தார்கள். அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் மாண்டவர்கள் 1,200 முதல் 2,400 வரை இருக்கலாம் என மதிப்பிடுகிறார்கள். சிகாகோவில் மாண்டவர்கள் சுமார் 300 பேர். வீடிழந்தவர்கள் சுமார் ஒரு லட்சம்.

கப்பலுக்காகப் பிறந்த முன்னறிவிப்பு

அந்நாட்டில் அப்போது வானிலைப் பணி இல்லாமல் இல்லை. மில்வாக்கியில் வாழ்ந்த இன்க்ரீஸ் லாப்ஹம் என்ற அறிஞர், பேரேரிகளில் கப்பல்கள் புயலில் மூழ்கும் செய்திகளைத் திரட்டி 1869-இல் அரசுக்கு முறையிட்டார். அதன் பயனாக 1870-இல் இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிடம் வானிலைப் பணி ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று 24 நிலையங்கள் ஒரே நேரத்தில் அளவெடுத்துத் தந்தியில் அனுப்பின. ஒரு வாரத்தில், நவம்பர் 8 அன்று, பேரேரிகளுக்கான முதல் புயல் எச்சரிக்கையை லாப்ஹமே வெளியிட்டார். 1871 பிப்ரவரி முதல் கிளீவ்லண்ட் அப்பி என்ற வானியல் அறிஞர் வானிலை முன்னறிவிப்புகளைத் தயாரித்து வந்தார்.

ஆனால் சட்டம் கேட்டது ஏரிகளிலும் கடற்கரைகளிலும் வரும் புயலை மட்டுமே. காட்டின் வறட்சியைக் காற்றின் வேகத்தோடு சேர்த்துப் பார்த்து, ‘தீ பரவும் நாள்’ என்று எச்சரிக்கும் முறை பிறக்கவில்லை. மாலுமிக்கு எச்சரிக்கை உண்டு. காட்டோரம் வாழ்ந்த குடியானவனுக்கு இல்லை!

இதில் இன்னொன்றும் உண்டு. 1867-இலேயே இதே லாப்ஹம், விஸ்கான்சின் காடுகளை விரைந்து அழிப்பதால் வரும் கேடுகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதியிருந்தார். அவருடைய புயல் எச்சரிக்கை அரசின் திட்டமாயிற்று. காடு பற்றிய எச்சரிக்கையோ வெட்டுவதை நிறுத்தவில்லை.

பெஷ்டிகோவின் தந்திக் கம்பியும் தீக்கு இரையாயிற்று. அழிவுச் செய்தி மாநிலத் தலைநகர் மாடிசனை அடைந்தது 10-ஆம் தேதிதான். அதற்குள் உலகத்தின் கண் சிகாகோவின் மீது பதிந்துவிட்டது.

இன்று அமெரிக்காவில் உலர்ந்த காடு, குறைந்த ஈரப்பதம், பலத்த காற்று மூன்றும் ஒன்றுசேரும் நாட்களில் ‘செங்கொடி எச்சரிக்கை’ விடுக்கிறார்கள். 1871-இல் தனித்தனியே கிடந்த செய்திகளை ஒன்றாக இணைத்துப் பார்க்கும் முறை அது.

ஒப்பு ஈரப்பதம் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் பாடம் என்று என் மாணவர்கள் சிலர் நினைப்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது பெஷ்டிகோவின் கதையைத்தான். நாம் எதைக் கேட்கிறோமோ அதற்குத்தான் கருவி விடை சொல்லும். யாருக்காகக் கேட்கிறோம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.