கேட்டால்தான் கிடைக்கும்

பிப்ரவரி மாதச் சனிக்கிழமைகளில், நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் நாலைந்து பேர் மடிக்கணினிகளோடு உட்கார்ந்திருப்போம். சம்பளம் குறைந்தவர்களுக்கு இலவசமாக டேக்ஸ் ஃபைல் பண்ணிக் கொடுக்கும் தன்னார்வலர்கள் நாங்கள். ஒருநாள் ஒரு பெண்மணி வந்தார். முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. தனி ஆளாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். வருடத்துக்கு 14,000 டாலர் சம்பளம். இந்த வருடத்துக்கு முன்னால் ஐந்து வருடங்களாக அவர் ஃபைல் பண்ணவே இல்லை.

"இவ்வளவு கம்மியா சம்பாதிச்சா வரி கிடையாதுன்னு சொன்னாங்க. வரியே இல்லைன்னா எதுக்கு ஃபைல் பண்ணணும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அமெரிக்காவில் வரி கட்ட வேண்டாதவருக்கும் வரிப் படிவத்தின் வழியாகவே பணம் தருகிற ஒரு திட்டம் இருக்கிறது. 'ஏர்ன்ட் இன்கம் டேக்ஸ் கிரெடிட்', சுருக்கமாக ஈ.ஐ.டி.சி. இரண்டு பிள்ளைகளோடு அவர் அளவு சம்பாதிப்பவருக்கு டாலருக்கு 40 சென்ட் சேர்த்துத் தருகிறது. அவர் கணக்கில் வருடத்துக்குச் சுமார் 5,600 டாலர். ஆனால் கேட்க வேண்டும். கேட்காதவருக்குக் கிடையாது. தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கேட்பதில்லை என்பது வரித்துறையின் சொந்த மதிப்பீடு.

ஏழைகளுக்கான பணத்தை வரிப் படிவத்துக்குள் கொண்டுபோய் வைத்தது யார்? அன்றிரவு வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

கதை 1969இல் தொடங்குகிறது. குழந்தைகள் உள்ள ஒவ்வொரு ஏழைக் குடும்பத்துக்கும் ஒரு குறைந்தபட்ச வருமானத்தை அரசே தரலாம் என்றார் அதிபர் நிக்சன். நான்கு பேர் குடும்பத்துக்கு வருடம் 1,600 டாலர். பிரதிநிதிகள் சபை 1970இல் அதை நிறைவேற்றியது. செனட்டின் நிதிக்குழுவில் அது செத்துப்போனது. இந்தத் தொகை போதாது என்று நலவுரிமை இயக்கத்தினர் எதிர்த்தார்கள். வேலை செய்யாதவருக்கு எதற்குப் பணம் என்று குழுத்தலைவர் ரஸல் லாங் எதிர்த்தார். பெரும் பணக்காரர்களின் செல்வத்துக்கு உச்சவரம்பு வைத்து எல்லோருக்கும் பங்கிடச் சொன்ன ஹ்யூயி லாங்கின் மகன் இவர்.

எதிர்த்ததோடு லாங் நிற்கவில்லை. 1972இல் 'வொர்க் போனஸ்' என்று ஒரு மாற்று யோசனையைக் கொண்டுவந்தார். உழைக்கிற ஏழையின் சம்பளத்திலும் சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கிறார்களே, அந்தச் சுமையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதே அதன் வாதம். எண்ணெய் நெருக்கடியும் மந்தநிலையும் வந்த பிறகு, 1975 மார்ச் 29 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட வரிக்குறைப்புச் சட்டத்துக்குள் அது நுழைந்தது. முதல் 4,000 டாலர் சம்பாத்தியத்தில் 10 சதவீதம். அதிகபட்சம் 400 டாலர். பிள்ளைகள் உள்ளவர்களுக்கு மட்டும். அதுவும் தற்காலிக ஏற்பாடுதான்.

1978இல் அது நிரந்தரமானது. 1986இல் ரீகன் பெருக்கினார், 1993இல் கிளின்டன் இன்னும் பெருக்கினார். இரண்டு கட்சிகளுக்குமே பிடித்திருந்தது. உழைப்புக்குக் கூலி என்று ஒருவர் சொல்லிக்கொள்ளலாம், ஏழைக்கு உதவி என்று இன்னொருவர் சொல்லிக்கொள்ளலாம். லட்சக்கணக்கானோரை வறுமைக்கோட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பதும் இதே திட்டம்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிறப்பிலேயே அதற்குள் ஒரு சந்தேகம் இருந்தது. நீ உழைத்தாய் என்பதை நீயே நிரூபி; எவ்வளவு என்று எழுது; குழந்தை உன்னோடுதான் வசித்தது என்று காட்டு. வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதை 2021 காட்டியது. குழந்தைகளுக்கான வரிச்சலுகையை 3,600 டாலர் வரை உயர்த்தி, பெற்றோருக்கு வேலை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்தார்கள். அதில் பாதியை ஜூலையிலிருந்து டிசம்பர் வரை மாதாமாதம் அனுப்பினார்கள். முன்பே ஃபைல் பண்ணியிருந்த பெரும்பாலான குடும்பங்களுக்குக் கேட்காமலேயே வந்து சேர்ந்தது. அந்த வருடம் குழந்தை வறுமை, அரசின் துணைக் கணக்கீட்டின்படி, 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. காங்கிரஸ் அதை நீட்டிக்கவில்லை. அடுத்த வருடம் 12.4.

அந்தப் பெண்மணிக்கு இந்த வருடத்தோடு சேர்த்துப் பின்னால் மூன்று வருடங்களுக்கும் படிவம் போட்டோம். பழைய பாக்கியைக் கேட்கச் சட்டம் தரும் அவகாசம் மூன்று வருடம்தான். கிடைக்கப்போகும் தொகையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு விரல்விட்டு எண்ணினார்.

"அதுக்கு முந்தின ரெண்டு வருஷம்?"

காலாவதியாகிவிட்டது என்றேன்.

"அந்த ரெண்டு வருஷமும் நான் வேலை செஞ்சேனே?"

ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.