கண்டிச் சீமையில் ஒரு தனி நாடு?

1937-இல் ஸ்டாலின் அரசு, சோவியத் தூரக்கிழக்கில் குடியேறியிருந்த சுமார் 1,72,000 கொரியர்களை ரயிலேற்றி கஜகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இறக்கிவிட்டது. அவர்களை இருந்த இடத்திலேயே விட்டிருந்தால் அங்கே இன்னொரு கொரிய நாடு பிறந்திருக்குமா? சுவாரஸ்யமான கேள்விதான். ஆனா அதே கேள்வியைக் கேட்க நாம அவ்வளவு தூரம் போக வேண்டாம். எங்க சோழவந்தான் வழியா ஓடும் ரயில் பாதையைப் பிடித்து மண்டபம் போய், கடலைத் தாண்டினால் போதும்.

மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்துச் சனங்கள் கங்காணியிடம் வாங்கிய முன்பணக் கடனோடு கண்டிச் சீமைக்குப் போனார்கள். முதலில் காப்பி, பிறகு தேயிலை. 1947 தேர்தலில் இவர்களுடைய இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்தது. மொத்தம் 95 இடங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்ததோ 42தான். இந்த 7-இன் கனம் அப்போ புரியும்.

அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவர்னு காட்டு, இல்லையா, தாத்தாவும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பிறப்புச் சான்று எழுதி வைத்தார்கள்? 1949-இல் ஓட்டும் போனது. 1952 தேர்தலில் அவர்களுக்கு ஒரு இடமும் இல்லை.

சரி, தனி நாடு கேட்டிருந்தால்? நடந்திருக்காது என்பதுதான் என் எண்ணம். கடற்கரை கிடையாது, சுற்றிலும் சிங்கள ஊர்கள். படுத்துறங்கும் லயம்கூடத் தோட்டத்துக்குச் சொந்தம். அரிசி வெளியிலிருந்து வரணும். நுவரெலியா மாவட்டத்தில்தான் அவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல். 1976-இல் வட்டுக்கோட்டையில் தமிழீழத் தீர்மானம் வந்தபோது தொண்டமான் அதில் சேராமல் ஒதுங்கினார், 1978-இல் அமைச்சரானார். வரைபடத்தைப் பார்த்து எடுத்த முடிவு அது.

உண்மையில் தவறிப்போன வரலாறு வேற. 1948-க்குப் பிறகும் ஓட்டு இருந்திருந்தால், தேர்தலுக்குத் தேர்தல் அந்த 7 கூடியிருக்கும். கொழும்பில் ஆட்சி அமைக்க நினைத்த எந்தக் கட்சியும் மலையேறி வந்திருக்கும். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்களே, அது நடந்திருக்காது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்தவர்களில் பலர் நீலகிரியில், அரசு தேயிலைத் தோட்டங்களில், மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள். அங்கே ‘கள்ளத்தோணி’ என்று ஏச்சு வாங்கியவர்கள் இங்கே ‘சிலோன்காரங்க’ ஆனார்கள். அங்கேயே தங்கியவர்களோ ‘இந்தியத் தமிழர்’ என்ற பெயரைத் தள்ளிவிட்டு ‘மலையகத் தமிழர்’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். 2023-இல், வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் நடந்துபோன அதே வழி.