பூமியின் மேற்படலமும் லவ் அலைகளும்

1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அஸ்ஸாமில் ஒரு பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. ஷில்லாங்கின் கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. அவ்வதிர்ச்சி நெடுந்தொலைவு சென்று இத்தாலி நாட்டுக் கருவிகளிலும் பதிவாயிற்று. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஓல்டாம் என்பார் அப்பதிவுகளை ஆராய்ந்து, ஒரே பூகம்பத்தினின்று மூவகை அலைகள் புறப்படுகின்றன என்று கண்டார். முதலில் வருவது நெட்டலை. அடுத்து வருவது குறுக்கலை. இவ்விரண்டும் பூமியின் உள்ளே ஊடுருவிச் செல்பவை. இறுதியில் வருவதோ நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஊர்ந்து வரும் பேரலை. நேயர்களே, இம்மூன்றாவதன் வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

இத்தகைய அலை இருத்தல் கூடும் என்று 1885-லேயே கணக்கிட்டுக் காட்டியவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. பாறை போன்ற திடப்பொருளில் அவ்வலையின் வேகம் குறுக்கலையின் வேகத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 92 பங்கு. அது செல்லும்போது நிலத்துகள்கள் மேலும் கீழும், முன்னும் பின்னுமாக ஒரு நீள்வட்டத்தில் சுழலும். பக்கவாட்டில் அசையமாட்டா. ஆனால், பூகம்பப் பதிவுகளிலோ பக்கவாட்டு அசைவு வலிமையாகவே காணப்பட்டது. வீட்டின் அடித்தளத்தை இடமும் வலமுமாகப் பிடித்திழுக்கும் இவ்வசைவைக் கணக்கில் வரவில்லை என்று தள்ளிவிட முடியுமா?

ராலேயின் கணக்கில் பிழை இல்லை. மேலிருந்து கீழ்வரை பூமி ஒரே தன்மையது என்று அவர் கொண்டதே இடர்ப்பாடு. 1911-இல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் லவ் அந்த ஒன்றை மாற்றினார். (இப்பெயரைக் கேட்டு வகுப்பில் நகைப்போர் உண்டு, அது அவருடைய குடும்பப் பெயர்தான்!) அடிப்பாறையின்மேல் வேறொரு பொருளாலான மெல்லிய படலம் போர்த்தியிருப்பதாக அவர் கொண்டார். படலத்தில் குறுக்கலையின் வேகம் அடிப்பாறையில் உள்ளதைவிடக் குறைவாயின், கீழ்நோக்கிச் சாய்ந்து செல்லும் அலை எல்லையில் முழுமையாக எதிரொளித்து மேலே திரும்புகிறது. மேற்பரப்பில் பட்டு மீண்டும் கீழே வருகிறது. இவ்வாறு சிறைப்பட்ட அலை படலத்தின் வழியே நெடுந்தூரம் ஓடுகிறது. அதன் அசைவு முற்றிலும் பக்கவாட்டானது. மேலே மெதுவான பகுதி இல்லையேல் இவ்வலையே இல்லை. ஆகவே, தொல்லையாகத் தோன்றிய அந்த அசைவே பூமிக்கு ஒரு தோல் உண்டு என்பதற்குச் சான்றாயிற்று. 1909-இல் குரோவேஷியாவில் நிகழ்ந்த பூகம்பத்தைக் கொண்டு மோகோரோவிசிச் என்பாரும் வேறு வழியில் இம்முடிவையே எட்டியிருந்தார்.

இதனினும் சிறந்த பயன் ஒன்று உண்டு. லவ் அலைகள் யாவும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. நீண்ட அலையின் அசைவு அடிப்பாறைக்குள் ஆழ இறங்குகிறது. ஆதலால் அப்பாறையின் மிகுந்த வேகத்தை அது நெருங்குகிறது. குறுகிய அலையோ படலத்துக்குள்ளேயே அடங்கிப் பின்தங்குகிறது. எந்த நீளத்து அலை எவ்வளவு பிந்தி வந்தது என்று அளந்தால் படலத்தின் தடிப்பை மதிப்பிடலாம். கண்டங்களின் அடியில் அது சராசரி 35 கிலோமீட்டர் அளவினது. கடலடியிலோ 7 கிலோமீட்டர் அளவினதே. சோவியத் அறிஞர்கள் கோலா தீபகற்பத்தில் ஆண்டுக்கணக்கில் துளையிட்டு 1989-இல் எட்டிய ஆழம் 12,262 மீட்டர்தான் என்பதை எண்ணினால், இவ்வளவையின் அருமை விளங்கும்.

லவ் கண்ட சமன்பாட்டில் படலத்தின் தடிப்புத் தனியே நிற்பதில்லை. அலைநீளத்தோடு அதற்குள்ள விகிதமே நிற்கிறது. ஆகவே கிலோமீட்டர்களுக்குப் பொருந்துவது மயிரிழையினும் மெல்லிய பூச்சுக்கும் பொருந்தும். 1965-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் ஒயிட், வோல்ட்மர் என்ற இருவர், குவார்ட்சுப் படிகத்தின்மேல் சீப்புகள் கோத்தாற்போன்ற உலோகக் கோடுகளை அமைத்து, மின்சாரத்தால் மேற்பரப்பு அலைகளை எழுப்பினர். பின்னர் வந்தோர் அத்தகைய படிகத்தின்மேல் சிலிக்காவை மெல்லியதாகப் பூசி லவ் அலைகளையே ஓடவிட்டனர். பூச்சின்மீது நுண்ணிய புரதங்கள் ஒட்டிக்கொண்டாலும் அலையின் வேகம் சிறிது மாறும். அசைவு பக்கவாட்டில் மட்டுமே அமைவதால், மேலே நீர் நின்றாலும் அலை பெரும்பாலும் வீணாகாது. இதனால் நீர்மங்களில் கலந்துள்ள நோய்க்கூறுகளைக் கண்டறியும் உணர்கருவிகளிலும் இன்று அது ஆளப்படுகிறது.