பிறந்த எலிக்குட்டி சொன்னதை யாரும் கேட்கவில்லை

ஸ்கேன் சென்டரில் "ஃபாலிக்கிள் 18 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கு" என்று சொல்வதைப் பலர் கேட்டிருப்பீங்க. கருமுட்டையை உள்ளே வைத்துக்கொண்டு சினைப்பையில் வளரும் சின்னப் பைதான் ஃபாலிக்கிள். அது வளர ஈஸ்ட்ரோஜனும் உதவுகிறது. ஆனால் அதே ஈஸ்ட்ரோஜன் நேரம் தப்பி வந்தால்? பதில் சொன்னது சுண்டெலி. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

1923, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி என்று இரண்டு பேர். பன்றிகளின் சினைப்பையை வரவழைத்து, ஃபாலிக்கிளுக்குள் இருக்கும் நீரை எடுத்து, சினைப்பை நீக்கப்பட்ட எலிகளுக்கு ஊசி போட்டார்கள். சினைப்பையே இல்லாத எலி சினைப்பருவத்துக்கு வந்துவிட்டது! ஈஸ்ட்ரோஜன் நம் கைக்கு வந்த கதை இதுதான். ஆனால் இயற்கை ஈஸ்ட்ரோஜனைப் பிரித்தெடுப்பது பெரும் பாடு. டன் கணக்கில் பன்றிச் சினைப்பையை அரைத்தால் சில மில்லிகிராம்தான் மிஞ்சும்.

1938-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழு செயற்கை ஈஸ்ட்ரோஜன் ஒன்றைச் செய்தது. பெயர் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டி.இ.எஸ். மாத்திரையாகவே விழுங்கலாம், விலை மலிவு, காப்புரிமையும் கிடையாது. அப்புறம் கேட்கவா வேணும்?

பாஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ், ஆலிவ் ஸ்மித் தம்பதி, கருச்சிதைவைத் தடுக்க இதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். லட்சக்கணக்கான பெண்கள் சாப்பிட்டார்கள். 1953-ல் சிகாகோவில் சுமார் 1,600 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். பயன் பூஜ்யம். அதன்பிறகும் எழுதிக்கொடுப்பது நிற்கவில்லை. "கொடுத்தா என்ன கெட்டுடப் போகுது?" என்கிற மனநிலை. எங்கள் தொழிலில் இந்த வியாதி இன்னும் குணமாகல.

என்ன கெடும் என்பதை 1960-களிலேயே எலி காட்டியது. பிறந்த சுண்டெலிக் குட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால், வளர்ந்தபின் அதன் பிறப்புறுப்பில் விபரீத மாற்றங்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தெல்மா டன் 1963-ல் புற்றுநோயையே கண்டு எழுதினார். "எலிக்குட்டிக்கு வந்தா நமக்கென்ன?" என்று கேட்கலாம். அங்கேதான் விஷயமே. இப்போது பிறந்த எலிக்குட்டியின் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ச்சியில் இன்னும் பாதி வழியில்தான் இருக்கும். நம் குழந்தை தாய் வயிற்றுக்குள்ளேயே கடந்துவிடும் கட்டம் அது. அந்தக் குட்டிக்குப் போடும் ஊசி, கர்ப்பிணி விழுங்கும் மாத்திரைக்குச் சமம்.

1971-ல் பாஸ்டனில் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் குழு, இளம்பெண்களுக்கு வரவே கூடாத யோனிப் புற்றுநோயை 8 பேரிடம் கண்டது. அதில் 7 பேரின் தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் டி.இ.எஸ் சாப்பிட்டவர்கள். அந்த ஆண்டு நவம்பரில்தான் அமெரிக்க அரசு, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. சிகாகோ முடிவு வந்து 18 வருஷம் கழித்து! அந்த மகள்களில் பலருக்குக் குழந்தைப்பேறு சிக்கலானது. மாதவிடாய் சீக்கிரமே நிற்பதும் மற்றவர்களைவிட அதிகம்.

சரி, சினைப்பைக்குள் என்ன நடக்கிறது? ஆரம்பத்தில் கருமுட்டைகள் தனித்தனியாக இருப்பதில்லை, கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். எலியில் பிறப்பை ஒட்டிய சில நாட்களில் கொத்து உடைந்து, ஒவ்வொரு முட்டையையும் செல்கள் சூழ்ந்து முதல் ஃபாலிக்கிள் உருவாகும். பிறந்ததும் தாயின் ஹார்மோன் தொடர்பு அறுகிறதே, அதுதான் பிரிவதற்கான சைகை என்று கருதப்படுகிறது. 1980-களில் ஜப்பானில் தைசென் இகுச்சி, பிறந்த குட்டிக்கு டி.இ.எஸ் கொடுத்துப் பார்த்தார். ஒரே ஃபாலிக்கிளுக்குள் பல முட்டைகள்! 2007-ல் சிரகியூஸ் பல்கலைக்கழகத்தின் மெலிசா பெப்ளிங் குழு, ஈஸ்ட்ரடையால், புரோஜெஸ்டிரோன் இரண்டுமே எலிக்குட்டியில் கொத்து உடைவதைத் தடுப்பதாகக் காட்டியது. சோயாவில் இருக்கும் ஜெனிஸ்டீனும் அதே வேலையைச் செய்தது. பின்னாளில் ஃபாலிக்கிளை வளர்க்க உதவும் ஈஸ்ட்ரோஜன், முதலில் அது உருவாவதற்கே குறுக்கே நிற்கிறது.

படித்துவிட்டு யாரும் பயந்து மாத்திரையை நிறுத்திடாதீங்க. இன்று சில கர்ப்பிணிகளுக்குத் தரும் புரோஜெஸ்டிரோன் வேறு, டி.இ.எஸ் வேறு. எலிக்குட்டிக்கு நேரடியாகப் போட்ட ஊசியை அப்படியே உங்கள் மாத்திரையோடு ஒப்பிடவும் முடியாது. எதற்காக, எத்தனை வாரம் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்க. கேட்டால் சொல்ல வேண்டியது அவர் வேலை.