தாவர மரபணுத்தொகையில் இடங்குறித்த மரபணுச் செருகல்

தாவரத்தின் மரபணுத்தொகையில், அதாவது அதன் உயிரணுவிலுள்ள டிஎன்ஏ முழுவதிலும், முன்கூட்டியே தேர்ந்த ஓர் இடத்தில் மட்டும் புதிய மரபணுவைப் பதிக்கும் நுட்பம் இடங்குறித்த மரபணுச் செருகல் எனப்படும். அக்ரோபாக்டீரியம் என்னும் மண் நுண்ணுயிரியின் வழியாகச் செய்யப்படும் பழைய மரபணு மாற்றத்தில், மரபணு எங்கே போய் அமரும் என்பது ஆய்வாளர் கையில் இல்லை.

இடம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு இந்தியாவிலேயே தெளிவான சான்று உண்டு. மணியில் பீட்டா கரோட்டினை உண்டாக்கும் பொன்னரிசியின் ஜிஆர்2-ஆர்1 வழியைப் புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தினர் சுவர்ணா நெல்லுடன் கலப்பு செய்தபோது, பயிர் குட்டையாகி, இலை வெளிறி, விளைச்சல் பெரிதும் சரிந்தது. ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியைக் கடத்துவதற்கான நெல்லின் சொந்த மரபணுவுக்குள்ளேயே புதிய துண்டு அமர்ந்து அதை முடக்கியிருந்ததை 2017இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. பொன்னரிசி பற்றிய விவாதங்களில், எந்த மரபணு என்று கேட்கும் அளவுக்கு, அது எங்கே அமர்ந்தது என்றும் கேட்கப்பட வேண்டும்.

இடத்தைத் தேர்ந்து செருக உதவுவது கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறை. அதில், சுமார் 20 எழுத்து நீளமுள்ள வழிகாட்டி ஆர்என்ஏ தனக்குப் பொருந்தும் வரிசையைக் கண்டடைய, உடன்செல்லும் கேஸ்9 நொதி அங்கே டிஎன்ஏவின் இரு இழைகளையும் வெட்டுகிறது. வெட்டுவது எளிது; செருகுவதுதான் கடினம். பாவில் அறுந்த இழையைக் காஞ்சிபுரத்துத் தறிக்காரர் உடனே முடிந்துவிட்டு நெசவைத் தொடர்வதுபோல, தாவர உயிரணுவும் அறுந்த முனைகளை நேராகவே ஒட்டிவிட முனைகிறது; அதில் ஓரிரு எழுத்துகள் விடுபடவோ கூடவோ செய்யும். வெளியிலிருந்து தரப்பட்ட துண்டை, அதன் இருபுறமும் உள்ள ஒத்த வரிசைகளின் துணையால் வெட்டுவாயில் சேர்த்துக்கொள்ளும் பழுதுபார்ப்பு அரிதாகவே நிகழ்கிறது. ஆயினும் 2020இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழுவினர் 5,200 எழுத்து நீளமுள்ள கரோட்டினாய்டு மரபணுத் துண்டை, நெல்லில் தீங்கு நேராது என முன்பே கண்டறிந்த இடத்தில் பதித்தனர். அப்பயிரின் தோற்றத்திலோ விளைச்சலிலோ குறை தென்படவில்லை.

தமிழ்நாட்டில் வெட்டும் பணி நடந்துள்ளது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட குண்டு ரகமான ஏஎஸ்டி 16இல், மணத்தைத் தடுக்கும் பிஏடிஎச்2 மரபணுவைக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர் கிரிஸ்பரால் முடக்க, பாசுமதிக்குரிய நறுமணப் பொருள் அதில் உருவாயிற்று. அயல் மரபணு எஞ்சாத இத்தகைய திருத்தங்களுக்கு 2022 மார்ச் 30 அன்று நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம், மரபணு மாற்றிய உயிரிகளைக் கட்டுப்படுத்தும் 1989 விதிகளின் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. அயல் மரபணுவைச் செருகிய பயிருக்கு, அது எவ்வளவு துல்லியமாகச் செருகப்பட்டிருந்தாலும், அந்த விலக்கு இல்லை. குருட்டுப்போக்கான செருகலையும் இடங்குறித்த செருகலையும் ஒரே தட்டில் வைக்கும் இவ்வகைப்பாடு, சுவர்ணாவில் கண்ட குறையை வைத்துப் பார்த்தால், மறுஆய்வுக்கு உரியது.