பதில் எதிர்பார்க்காத சேதி: பீக்கன் பிறந்த கதை

சிவகாசிப் பட்டாசுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிக்கு, வாங்காமல் போகிறவர் ஏன் போகிறார் என்பது பாதி தெரிந்துவிடும். கிஃப்ட் பாக்ஸ் விலையைக் கேட்டு முகம் மாறியவர் ஒரு ரகம். கேட்ட சாட்டை இல்லை என்றதும் எதிர்க்கடையைப் பார்த்தவர் இன்னொரு ரகம். அதே அண்ணாச்சி விலைப்பட்டியலைத் தளமாகப் போட்ட பிறகு இந்தப் பார்வை போய்விடுகிறது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ல் இணையவழிப் பட்டாசு விற்பனைக்குத் தடை போட்டதிலிருந்து, இந்தப் பக்கத்துத் தளங்கள் பலவும் பட்டியலைக் காட்டி, எண்ணிக்கையும் ஃபோன் நம்பரும் வாங்கிக்கொண்டு, 'விசாரணை' என்ற பெயரில்தான் ஓடுகின்றன. அது சரியா தப்பா என்பது வேறு வழக்கு. விசாரணை அனுப்பியவர் யார் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். குருவி வெடியிலிருந்து புஸ்வாணம் வரை தள்ளித் தள்ளிப் பார்த்து, அடியில் மொத்தத்தைப் பார்த்ததும் மூடிவிட்டுப் போனவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"தம்பி, எதைப் பாத்துட்டு ஓடுறான்னு மட்டும் சொல்லு" என்று அவர் சூலக்கரையிலோ விருதுநகரிலோ இருக்கும் தளம் செய்கிற பையனிடம் கேட்பார். பையன் சர்வரில் ஒரு புது முகவரி திறக்க வேண்டும். பக்கம் எதையும் காட்டாத முகவரி அது. வருகிற சேதியை வாங்கி வைப்பது மட்டுமே வேலை. கேட்க எளிதாக இருக்கிற இந்த வேலை ஒழுங்காக நடக்க உலகத்துக்கு 20 வருடம் ஆனது.

முதலில் இருந்தது சர்வரின் பதிவேடு. 1993-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வெப் சர்வர், வந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதி வைத்தது. எந்த ஐபி, எத்தனை மணி, கேட்ட பக்கம், கிடைத்ததா இல்லையா, எத்தனை பைட். அப்பாச்சி இன்றைக்கும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் எழுதுகிறது. ஆனால் பக்கம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே என்ன நடந்தது என்பது அதில் வராது. நடுவில் இருக்கும் ப்ராக்ஸி சர்வர்கள் நகலை எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்த வரிகூட இருக்காது. போதாக்குறைக்கு, தேடுபொறிகளின் ரோபோக்களும் வாடிக்கையாளர் கணக்கில் சேர்ந்துகொண்டன.

அடுத்த வழி குறுக்கு வழி. ஒரு புள்ளி அகலம், ஒரு புள்ளி உயரம், நிறமே கிடையாது: இப்படி ஒரு ஜிஃப் படத்தை அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் பக்கத்தில் இடைவெளி விடுவதற்காகச் செருகினார்கள். டேவிட் சீகல் 1996-ல் எழுதிய புத்தகம் இந்த உத்தியைப் பரப்பியது. அந்தப் படத்தைக் கணக்கெடுக்கும் சர்வரிலிருந்து கேட்கும்படி செய்து, முகவரியின் வாலில் விவரங்களைக் கட்டிவிட்டால் என்ன? படம் 43 பைட். வாலில் தொங்குவதோ பக்கத்தின் பெயர், திரையின் அளவு, வந்த வழி எல்லாம். பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. சான் டியாகோவின் அர்ச்சின் நிறுவனம் இந்த வழியையும் பயன்படுத்தியது; 2005-ல் கூகுள் அதை வாங்கி, அதே வருடம் நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸாக இலவசமாகத் திறந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வரும் விளம்பர இணைப்புகளின் கடைசியில் 'யுடிஎம்' என்று நீளமாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதன் முதல் எழுத்தான ஆங்கில 'யு' அர்ச்சினுடையது.

படத்துக்கு இரண்டு குறை. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் முகவரி 2,083 எழுத்தைத் தாண்டக் கூடாது. அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தை மூடும் நேரத்தில் படத்தைக் கேட்டால், கோரிக்கை கிளம்பும் முன்பே பக்கம் செத்துவிடும். அண்ணாச்சிக்கு வேண்டியதோ அந்தக் கடைசி நொடியின் சேதிதான்.

இதற்குப் புரோகிராமர்கள் செய்த வேலை எனக்கு இன்றும் சகிக்கவில்லை. ஆளைப் போகவிடாமல் பிடித்து வைத்தார்கள். மூடும் பட்டனை அழுத்தியதும், சர்வரிடமிருந்து பதில் வரும்வரை பிரவுசரையே உறைய வைக்கும் கோரிக்கை ஒன்றை அனுப்புவது ஒரு முறை. அரை நொடி சும்மா சுற்றும் கணக்கு ஒன்றை ஓடவிட்டு, அதற்குள் படம் கிளம்பிவிடும் என்று காத்திருப்பது இன்னொன்று. அடுத்த தளம் மெதுவாகத் திறக்கிறதே என்று வாடிக்கையாளர் திட்டுவார். தாமதம் முந்தைய தளத்தின் கைங்கரியம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உலகளாவிய வலைக் கூட்டமைப்பில் வலையின் வேகத்தைக் கவனிக்க 2010-ல் ஒரு குழு அமைந்தது. அலோயிஸ் ரைட்பாவரும் மைக்ரோசாஃப்டின் ஜதிந்தர் மானும் தொகுத்த பீக்கன் வரைவு 2013-ல் அங்கே வெளியானது. யோசனை மிகச் சுருக்கம். பக்கம் சேதியைப் பிரவுசரிடம் ஒப்படைத்துவிட்டுச் சாகட்டும். பிரவுசர் தன் சௌகரியத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். பதில் யாருக்கும் வேண்டாம். 2014-ல் ஃபயர்ஃபாக்ஸ் 31, குரோம் 39 இரண்டிலும் இதைச் செய்யும் 'சென்ட்பீக்கன்' கட்டளை வந்தது. ஆப்பிளின் சஃபாரியில் வர 2018 ஆனது. உறைய வைக்கும் பழைய வித்தையை 2020-ல் குரோம் 80 தடுத்தே விட்டது. நல்ல காரியம்.

இனி நம் பையனின் முகவரிக்கு வருவோம். அதற்கு வரும் ஒரு சேதி இப்படி இருக்கலாம்: விலைப்பட்டியல் பக்கம், கடைசியாகப் பார்த்த வரிசை தரைச்சக்கரம், நிரப்பிய பெட்டி 11, மொத்தம் 2,840 ரூபாய், குறைந்தபட்ச ஆர்டர் 3,000 என்ற அறிவிப்பு காட்டப்பட்டது, மூடப்பட்டது. இதே மாதிரி நூறு சேதி சேர்ந்தால் அண்ணாச்சிக்கு விளக்கம் தேவையில்லை.

இதை வாங்கும் சர்வர் 204 என்ற குறியைக் கொடுத்தால் போதும். 'வந்தது, சொல்ல ஒன்றுமில்லை' என்று அர்த்தம். தடுக்கிவிழும் இடங்கள் வேறு உண்டு. பக்கம் மூடப்படும் நிகழ்வை நம்பக் கூடாது. கைபேசியில் செயலியை விரலால் தள்ளிவிட்டால் அது வருவதே இல்லை. பக்கம் பார்வையிலிருந்து மறையும் நிகழ்வில்தான் சேதியை அனுப்ப வேண்டும். சேதியை ஜேசான் வடிவம் என்று அறிவித்து வேறு டொமைனுக்கு அனுப்பினால் பிரவுசர் முதலில் அனுமதி கேட்கப் போகும். சாதா எழுத்தாக அனுப்பி, சர்வரில் பிரித்துக்கொள்வது மேல். சேதி மொத்தம் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். நேரத்தைச் சர்வரின் கடிகாரத்தில் குறியுங்கள், கைபேசிக் கடிகாரத்தை நம்பாதீர்கள். சென்ட்பீக்கன் 'சரி' என்று சொன்னால் வரிசையில் நிறுத்தியாயிற்று என்று மட்டும்தான் பொருள். போய்ச் சேர்ந்ததா என்று அதற்கே தெரியாது. முகவரி எல்லோருக்கும் திறந்தது என்பதால் யாரும் குப்பை கொட்டலாம். எனவே அளவு, வேகம், உள்ளடக்கம் மூன்றையும் சோதித்து உள்ளே விடுங்கள்.

பதில் கேட்காத சேதி வாடிக்கையாளரின் நேரத்தைத் திருடவில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமல் எதையும் தூக்கிக்கொண்டு போகவும் இதே வழி ஏற்றது. 2022-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரு லட்சம் தளங்களைச் சோதித்தார்கள். படிவத்தில் மின்னஞ்சலைத் தட்டியதும், அனுப்பும் பட்டனை அழுத்தும் முன்பே, அது கண்காணிப்பு நிறுவனங்களுக்குப் போவதைக் கண்டார்கள். ஐரோப்பாவிலிருந்து பார்த்தபோது 1,844 தளங்களில், அமெரிக்காவிலிருந்து பார்த்தபோது 2,950 தளங்களில்.

பட்டாசுத் தளத்தில் அந்த மின்னஞ்சல் பெட்டியின் இடத்தில் இருப்பது ஃபோன் நம்பர் பெட்டி. பாதி தட்டிவிட்டு மனம் மாறியவரின் எண்ணை எடுத்து, "சார், சிவகாசியிலிருந்து பேசுறோம்" என்று கூப்பிடத் தோன்றும். சீசனில் ஆசை இன்னும் கூடும். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், என்ன எடுக்கிறோம், எதற்கு என்று சொல்லிச் சம்மதம் வாங்கச் சொல்கிறது. எட்டாவது அட்டவணை மொழிகளிலும் அந்த அறிவிப்பைப் படிக்க வசதி தரச் சொல்கிறது, தமிழும் அதில் உண்டு. இந்த முகவரியைத் திறக்கப் போகும் தம்பிகளுக்கு: எந்த வரிசையில் ஆள் நின்றார், மொத்தம் எவ்வளவு, எப்போது போனார் என்பதை எடுங்கள். அவர் அனுப்பும் பட்டனை அழுத்தாதவரை நம்பர் பெட்டியில் கை வைக்காதீர்கள். பட்டியலுக்கு மேலே இரண்டு வரி அறிவிப்பைத் தமிழில் போடுங்கள். அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு இவ்வளவு போதும்.