ராணுவம் வளையம் மாட்டிய குருவிகள்

சைபீரிய நீல ராபின் பதினைந்து கிராம் எடைதான் இருக்கும். ஆண் பறவைக்கு மேலே நீலம், கீழே வெள்ளை. சைபீரியாவிலும் ஜப்பானிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் வருவதற்குள் கிளம்பி, இரவு இரவாகப் பறந்து நம் தீபகற்பத்தின் காடுகளுக்கு வந்து சேரும். ஏப்ரலுக்குள் திரும்பிப் போய்விடும். இந்த மாதிரிக் குட்டிப் பயணிகளைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரியவந்தது என்று தேடிப்போனால், கதை அமெரிக்க ராணுவத்தின் கஜானாவில் போய் நிற்கிறது.

1963-ல் 'மேப்ஸ்' என்ற திட்டம் தொடங்கியது. வலசை போகும் விலங்குகளையும் அவை சுமக்கும் நோய்களையும் பற்றிய ஆய்வு. பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவம். நடத்தியவர் எலியட் மெக்ளூர். போருக்குப் பிந்தைய ஜப்பானில் மூளைக்காய்ச்சலுக்கும் பறவைகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர் அவர். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்துக்கு வந்தார். உலு கோம்பாக் காட்டில் ஓர் உயரமான மரத்தில் பரண் கட்டி, எந்த மரம் எப்போது பூக்கிறது, எது வந்து தின்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் பேங்காக் போய் மேப்ஸை ஏற்றார்.

ராணுவத்துக்குக் குருவி எதற்கு? ஆசியா முழுக்கப் படைகளை வைத்திருந்த நாடு அது. எந்தப் பறவை எங்கிருந்து எங்கே போகிறது, அதோடு எந்த வைரஸும் உண்ணியும் சேர்ந்து போகின்றன என்று தெரிந்துகொள்வது அவர்களுக்குத் தேவைப்பட்டது. பறவையைப் பிடி, காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டு, விட்டுவிடு. வேறெங்காவது யாராவது அதே பறவையைப் பிடித்தால் பாதையின் இரண்டு முனைகள் கிடைத்துவிடும். 1971-ல் திட்டம் முடிந்தபோது ஒரு மில்லியனுக்கும் அதிகமான பறவைகளுக்கு வளையம் மாட்டியிருந்தார்கள்.

சந்தேகம் வராமல் இருக்குமா? இந்தியாவில் சாலிம் அலியின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் இதில் பங்கெடுத்தது. பறவையைச் சாக்காக வைத்துக் கிருமிப்போருக்கு வேவு பார்க்கிறார்களோ என்ற பேச்சு அங்கே எழுந்தது. 1975-ல் நாடாளுமன்றக் குழு ஒன்றே இந்த வெளிநாட்டு ஆய்வுகளைக் கேள்வி கேட்டது. அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பணத்தில் கிடைத்த அறிவைத் தூக்கிப் போடவும் என்னால் முடியவில்லை.

நம் நாட்டில் இந்த வேலையைச் செய்தது மலாயாப் பல்கலைக்கழக விலங்கியல் துறை. பின்னாளில் கிரான்புரூக் பிரபு ஆன லார்ட் மெட்வே அப்போது அங்கே விரிவுரையாளர். சிறுநகரங்களின் மின்கம்பிகளில் வரிசை வரிசையாக உட்கார்ந்து தூங்கும் தகைவிலான் குருவிகளுக்கு வளையம் மாட்டி, 1973-ல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அவருடன் வேலை செய்த டேவிட் வெல்ஸ், தாய்-மலாய் தீபகற்பத்துப் பறவைகள் பற்றி 1999-லும் 2007-லும் இரண்டு பெரிய தொகுதிகளைக் கொண்டுவந்தார்.

இவர்களுடைய முக்கியமான இடம் பிரேசர் மலை. இரவில் பறக்கும் பறவைகள் நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்துத்தான் வழி பிடிக்கின்றன. பனிமூட்டமும் தூறலும் உள்ள இரவில் நட்சத்திரம் மறைந்துவிடும். அப்போது மலைமேல் எரியும் விளக்கின் ஒளி மூட்டத்தில் பரவும். பறவைகள் அதற்குள் வந்து மாட்டிக்கொண்டு வெளியேறத் தெரியாமல் சுற்றும். ஆய்வாளர்கள் அங்கே வலை கட்டிக் காத்திருந்தார்கள். நீல ராபின், பிட்டா, கதிர்க்குருவி எல்லாம் விழுந்தன. எடை பார்த்து, வளையம் மாட்டி, விட்டுவிட்டார்கள்.

காட்டுக்குள் கட்டிய வலைகள் இன்னொன்றையும் சொல்லின. போன வருடம் வளையம் மாட்டிய பறவை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விட்டு, அதே காட்டுத்துண்டுக்கே திரும்பி வந்தது. ஆக, அந்தத் துண்டை அழித்துச் செம்பனை நட்டால் அந்தப் பறவைக்குப் போவதற்கு வேறு வீடு இல்லை. நெகிரி செம்பிலானில் பாசோ காட்டின் மூன்று பக்கங்களிலும் இன்று செம்பனைதான்.

எனக்கு இந்த வரலாறு வெறும் பழங்கதையாகப் படாததற்குக் காரணம் என் வேலை. நான் மின்பொறியாளன். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவர் விளக்குகளுக்கு லோடு கணக்குப் போடுகிறேன். பிரேசர் மலையில் சில விளக்குகள் செய்ததை இப்போது ஒரு நகரமே செய்கிறது. வலை இருந்த இடத்தில் கண்ணாடி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வலையில் விழுந்த பறவை பறந்து போனது. சிங்கப்பூரில் கட்டடங்களில் மோதிச் சாகும் வலசைப் பறவைகளில் அதிகம் அகப்படுவது நீலச்சிறகு பிட்டா.

ஒரு கூட்டத்தில், வலசைக் காலத்தில் மட்டும் நள்ளிரவுக்குப் பிறகு சுவர் விளக்குகளை அணைக்கலாமே என்றேன். "தம்பி, குருவிக்காக பில்டிங்க இருட்டாக்கணுமா?" என்று கேட்டார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் டைமர் செலவு எவ்வளவு என்று சொன்னேன். மின்கட்டணத்தில் மிச்சமாவதைப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. முடிவு இன்னும் வரவில்லை.

அறுபது வருடங்களுக்கு முன் கேட்ட கேள்வி, இந்தக் குருவி நமக்கு என்ன நோயைக் கொண்டுவரும் என்பது. அதற்குப் பதில் தேடியவர்கள் எழுதிவைத்த எடைகளும் எண்களும் தேதிகளும் நம் கையில் இருக்கின்றன. எந்த மாதங்களில், எந்த மாதிரி இரவுகளில் அவை நம் தலைக்கு மேலே போகின்றன என்பதும் தெரியும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, மூட்டமான இரவுகளில் விளக்கை அணைக்க இதற்கு மேல் ஓர் ஆய்வு தேவையில்லை.